கண்ணோரம் வெள்ளைத் திட்டு: வெண்புள்ளியின் தொடக்கமா? இது பரவுமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. பொங்கல் சமயத்தில் அவளுடைய வலது கண்ணின் வெளி ஓரத்தில் மிளகளவு வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பால் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. இப்போது அது சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. போன மாதம் சைக்கிளில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். காயம் ஆறிய இடத்திலும் தோல் வெள்ளையாக இருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை.

தெருமுனை டாக்டர் பூச்சி மாத்திரையும் கால்சியம் டானிக்கும் கொடுத்தார். மாற்றம் எதுவும் இல்லை. "பெண் பிள்ளை, வெளியில் சொல்லாதே" என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா கார்போக அரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைக்கச் சொல்கிறார். இது வெண்புள்ளிதானா? ஆமென்றால் உடம்பு முழுக்கப் பரவுமா? எவ்வளவு வேகமாகப் பரவும்? இரவெல்லாம் இதே யோசனையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவாரம்பூ எழுதியது:

பயப்படாதீங்க சகோதரி. என் பையனுக்கும் கன்னத்தில் இப்படி வெளிறிப்போய் இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் தடவியே சில மாதத்தில் போய்விட்டது. இதுவும் அதுவாகத்தான் இருக்கும்.

தோல்நலம் எழுதியது:

வணக்கம் வைகைக்கரை. அரசு மருத்துவமனை ஒன்றில் தோல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். குழந்தையை நேரில் பார்க்காமல் இது இன்னதுதான் என்று நான் உட்பட யாரும் உறுதி சொல்லக்கூடாது. ஆனால் எதை எதிலிருந்து பிரித்துப் பார்க்கிறோம் என்று சொல்ல முடியும். டாக்டரிடம் போகும்போது என்ன கேட்கலாம் என்று உங்களுக்கும் தெரியும்.

ஆவாரம்பூ சொல்வது பொய்யில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கன்னத்தில் வரும் வெளிறல்களில் பெரும்பகுதி அந்த வகைதான். தோல் காய்ந்து, லேசாகச் சொரசொரவென்று இருக்கும். விளிம்பு எங்கே முடிகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. நிறம் குறைந்திருக்குமே தவிர அடியோடு போயிருக்காது. ஈரப்பதம் தரும் களிம்பு போட்டாலே மெல்ல மெல்லச் சரியாகிவிடும். குடலில் பூச்சி இருப்பதால் இது வருகிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள், அப்படி ஒரு தொடர்பு இல்லை. கால்சியத்துக்கும் தொடர்பு இல்லை.

தேமல் வேறு. அது தோலில் எப்போதும் வாழும் ஒரு பூஞ்சையால் வருவது. பெரும்பாலும் மார்பு, முதுகு, கழுத்தில், வியர்வை அதிகமுள்ள இளவயதினருக்கு வரும். நகத்தால் சுரண்டினால் தவிடு போல உதிரும்.

தொழுநோய்த் திட்டும் வெளிறித்தான் இருக்கும், ஆனால் பால் வெள்ளையாக இருக்காது. அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். வெண்புள்ளியில் தொடுதல், சூடு, குளிர், வலி எல்லாம் வழக்கம்போலவே தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நம் ஊரில் வெண்புள்ளி உள்ளவர்களை ஒதுக்கிவைத்தார்கள். வெண்புள்ளி தொற்றாது. கட்டிப்பிடித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது.

வெண்புள்ளி தொடங்கும்போது சுண்ணாம்பு போல வெள்ளை, தெளிவான விளிம்பு, மேல் தோல் மற்ற இடம் போலவே மழமழப்பு, அரிப்பு இல்லை என்பதுதான் வழக்கமான தோற்றம். சந்தேகம் இருந்தால் இருட்டறையில் உட்ஸ் லாம்ப் என்ற விளக்கை வைத்துப் பார்ப்போம். சுமார் 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி அது. நிறமி முற்றிலும் போன இடம் அந்த ஒளியில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். நிறம் குறைந்த இடம் அப்படி ஒளிராது. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புதிய திட்டுகளும் இதில் தெரிந்துவிடும். வலி கிடையாது, ஊசி கிடையாது, சில நிமிட வேலை.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது முழங்கால்தான். விளிம்பு எப்படி இருக்கிறது, சிராய்ப்பின் வடிவத்திலேயே வெள்ளை இருக்கிறதா, கண்ணருகில் இமை முடி கறுப்பாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி, தைராய்டு, இளவயதில் சர்க்கரை உண்டா என்றும் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி டாக்டர். பகல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். கண்ணோரத் திட்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கிறது, தோல் உதிரவில்லை. இமை முடி கறுப்புதான். முழங்காலில் சிராய்ப்பு எப்படி நீளமாக இருந்ததோ அப்படியே வெள்ளைக் கோடாக இருக்கிறது. இன்னொரு முழங்காலிலும் ஒரு பொட்டு இருப்பதை நேற்றுதான் கவனித்தேன். என் அம்மாவுக்குத் தைராய்டு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். வெண்புள்ளி எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இல்லை.

தோல்நலம் எழுதியது:

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வெண்புள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் காட்டி உறுதி செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி: பரவுமா? இதற்கு ஒரே பதில் இல்லை, ஏனென்றால் வெண்புள்ளி என்ற பெயரில் நடப்பது ஒன்றல்ல. முக்கியமாக இரண்டு வகை.

முதல் வகை உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு பட்டை போலப் போகும். வலது தாடையில் தொடங்கினால் வலது கன்னம், வலது கழுத்து என்று போகும், நடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டாது. தொடக்கத்தில் வேகமாகப் பரவி, பலருக்கு ஓரிரு வருடத்துக்குள் நின்றுவிடும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அப்படியே இருப்பவர்கள் நிறைய. ஆனால் அந்த இடத்து முடி சீக்கிரமே வெளுக்கும், அதனால் களிம்புக்கு அவ்வளவாக மசியாது. குழந்தைகளில் இந்த வகையைப் பெரியவர்களைவிட அதிகமாகப் பார்க்கிறோம்.

இரண்டாவதுதான் பொதுவாகக் காணப்படுவது. இரண்டு பக்கமும் சமச்சீராக வரும். வலது முழங்கை, இடது முழங்கை. கண், வாய் ஓரம், விரல் நுனி, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று உரசல் உள்ள இடங்களையும் துளைகளைச் சுற்றிய இடங்களையும் தேடிப் போகும். சில மாதம் வேகமாகப் பரவும், பிறகு வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும், மறுபடியும் எழும். முதல் நாளிலேயே கடைசிப் பக்கத்தைப் படிக்க முடியாது. ஒன்றிரண்டு சின்னத் திட்டு மட்டும் உள்ள நிலையில் எந்த வகை என்று முடிவு செய்யவே ஓரிரு வருடம் கவனிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் "இப்போது நோய் விழித்திருக்கிறதா, தூங்குகிறதா" என்ற கேள்விக்குத் தோலே பதில் சொல்லும். என் அனுபவத்தில் நோயாளிகள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பலர் கேட்பதில்லை. பெரிய திட்டைச் சுற்றி ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவில் பொடிப்பொடியாக வெள்ளைத் துளிகள் சிதறிக் கிடந்தால் நோய் வேகமாக நகர்கிறது என்று அர்த்தம். வெள்ளைக்கும் சொந்த நிறத்துக்கும் நடுவே இளம்பழுப்பாக ஒரு வளையம் இருந்தால் அதுவும் நகர்கிறது. அப்புறம் உங்கள் மகளின் முழங்காலில் பார்த்தது: காயம் பட்ட இடத்தில் அந்தக் காயத்தின் வடிவத்திலேயே வெண்புள்ளி வருவது. தோல் மருத்துவத்தில் இதைக் கோப்னர் விளைவு என்போம். இதுவும் நோய் விழித்திருக்கும்போது வருவது.

இப்படிச் சொல்வது பயமுறுத்த அல்ல. விழித்திருக்கும் காலத்தில் மருந்து தொடங்கினால் பரவலை நிறுத்தும் வாய்ப்பும், போன நிறம் திரும்பும் வாய்ப்பும் அதிகம். "பார்ப்போம், தானாகப் போகும்" என்று காத்திருக்கும் மாதங்கள்தான் விலை மதிப்புள்ள மாதங்கள்.

கரிசல்மண் எழுதியது:

நான் கோவில்பட்டிப் பக்கம். கல்லூரி படிக்கும்போது விரல் நுனியில் தொடங்கியது எனக்கு. டாக்டர் எழுதியிருப்பது அப்படியே என் கதை. விரல், உதடு, கணுக்கால் என்று ஒரு வருடம் ஓடியது. அப்புறம் அசையவே இல்லை. அப்பா இறந்த வருடம் மறுபடியும் முகத்திலும் முழங்கையிலும் வந்தது. மனக்கஷ்டத்துக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு உண்டா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், எனக்கு அப்படித்தான் பட்டது.

லைட் ட்ரீட்மென்ட் எடுத்தேன். முகத்தில் மயிர்க்கால் மயிர்க்காலாகக் கறுப்புப் புள்ளி முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கிட்டத்தட்ட முழுவதும் நிறைந்துவிட்டது. விரல் நுனியும் உதடும் திரும்பவில்லை. முதலில் ரொம்ப வருத்தம். எனக்கு அன்று யாராவது "விரல் நுனி கஷ்டம், முகம் வரும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவ்வளவு மனமுடைந்திருக்க மாட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வைகைக்கரை அம்மாவுக்கு ஒன்று. பிள்ளை முன்னால் அழாதீர்கள், ஒளித்தும் வைக்காதீர்கள். என் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்தால் முழுக்கைச் சட்டை போடு என்பார்கள். திட்டு தந்த வலியைவிட அந்தச் சட்டை தந்த வலி அதிகம்.

தோல்நலம் எழுதியது:

கரிசல்மண் ஐயா, எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. மயிர்க்கால் கணக்கு சரியானது. மேல் தோலில் நிறமிச் செல்கள் அழிந்துபோனாலும் மயிர்க்காலுக்குள் அவற்றின் மூலச் செல்கள் மிச்சமிருக்கும். அங்கிருந்துதான் புதிய நிறமிச் செல்கள் ஏறி வருகின்றன. முகத்திலும் கழுத்திலும் மயிர்க்கால் நிறைய இருப்பதால் நிறம் நன்றாகத் திரும்பும். விரல் நுனி, உள்ளங்கை, உதடு போன்ற இடங்களில் மயிர்க்கால் இல்லை அல்லது குறைவு. முடியே வெளுத்துவிட்ட திட்டில் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இமை முடி கறுப்பா என்று நான் கேட்டதும் அதனால்தான்.

பெரிய துக்கம், மன அழுத்தம் இவற்றுக்குப் பிறகு தொடங்கியது என்று பலர் சொல்கிறார்கள். நோய்க்கான மரபுத் தன்மை ஏற்கனவே உள்ளவர்களுக்கு அது தூண்டுதலாக இருக்கலாம், தனியாக அதுவே காரணமாக முடியாது.

பூங்கொடி எழுதியது:

மைக்கேல் ஜாக்சன் போல முழுக்க வெள்ளையாகிவிடுமா? என் தம்பிக்கு இருக்கிறது, அவன் இதையேதான் கேட்கிறான்.

தோல்நலம் எழுதியது:

அவருக்கு வெண்புள்ளி இருந்தது உண்மை. 1993இல் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். 2009இல் இறந்த பிறகு பிரேதப் பரிசோதனையும் அதை உறுதி செய்தது. ஆனால் உடம்பில் 80 சதவீதத்துக்கு மேல் நிறம் போவது மிக அபூர்வம். அந்த அளவுக்குப் பரவியவர்களுக்கு மிச்சமிருக்கும் நிறத்தையும் எடுத்துச் சீராக்கும் மருந்து உண்டு. அது திரும்பி வர முடியாத வழி, நன்றாக யோசித்துத்தான் தருவோம். உலகில் நூறு பேரில் அரைப் பேரிலிருந்து இரண்டு பேர் வரை வெண்புள்ளி இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கங்கே திட்டுகளோடு நின்றுவிடும். தம்பிக்குச் சொல்லுங்கள்.

கத்தரிப்பூ எழுதியது:

கார்போக அரிசி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் தாத்தா காலத்திலிருந்து பூசுகிறார்கள். இயற்கை மருந்துதானே, பூசினால் என்ன கெட்டுவிடும்?

மூலிகைத்தோட்டம் எழுதியது:

நான் சித்த மருத்துவம் படித்தவன், நானே பதில் சொல்கிறேன். கார்போக அரிசி எங்கள் மருத்துவத்தில் வெண்புள்ளிக்குப் பழைய மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் முறைப்படி சுத்திகரிக்காமல், அளவு தெரியாமல், கடையில் வாங்கி அரைத்து, கண் ஓரத்தில், அதுவும் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பூசுவது வைத்தியம் ஆகாது. பூசி வெயிலில் வைத்துக் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், தயவுசெய்து செய்யாதீர்கள்.

தோல்நலம் எழுதியது:

மூலிகைத்தோட்டம் சொன்னதற்கு ஒரு படி கூடுதலாகச் சொல்கிறேன். அந்த விதையில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைத் தோல் பல மடங்கு அதிகமாக உணரும்படி அது செய்யும். எகிப்தில் நைல் கரையில் வளரும் அம்மி மஜுஸ் என்ற செடியிலும் இதே குடும்பப் பொருள் உண்டு. அங்கே 1940களில் அதைப் பிரித்தெடுத்தார்கள், எல் மோஃப்டி என்ற மருத்துவர் அதை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். நவீன மருத்துவத்தின் ஒளிச் சிகிச்சைக்கு அது ஒரு தொடக்கம். ஆக, நம் முன்னோர் கண்டதில் உண்மை இருந்தது. அளவுதான் பிரச்சினை. மருத்துவமனையில் ஒளியை எண்ணி எண்ணிக் கூட்டுவோம். உச்சி வெயிலுக்கு அளவுகோல் கிடையாது. தோல் வெந்து கொப்புளம் வந்தால், கோப்னர் விளைவு இருக்கும் குழந்தைக்கு அந்தப் புண் இருந்த இடமெல்லாம் புதிய வெண்புள்ளி வரலாம். வைத்தியமே நோயைப் பரப்பியதாக ஆகிவிடும்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. இறுக்கமான பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, செருப்பு வார், வாட்ச் பட்டை எல்லாமே நாள் முழுக்க உரசுபவை. நோய் விழித்திருக்கும்போது அவற்றைத் தளர்த்துங்கள். குளிக்கும்போது பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்க வேண்டாம். விளையாட விடுங்கள், முழங்காலுக்கு ஒரு பட்டை போட்டுக்கொள்ளட்டும்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெள்ளையாகிவிட்டது. இதுவும் அதுதானா?

தோல்நலம் எழுதியது:

பொட்டு வைப்பதை இன்றே நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் நிறமிச் செல்களையே கொன்றுவிடும். சில ரப்பர் செருப்புகளிலும் இதுபோன்ற பொருள் உண்டு, கால் மேல் வார் வடிவத்திலேயே வெள்ளை வரும். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்கு மருந்தோடு நிறம் திரும்பும். சிலருக்கு இது தூண்டுதலாகி வேறு இடங்களிலும் வெண்புள்ளி தொடங்குவதால், நிறுத்திவிட்டோம் என்று சும்மா இருக்காமல் டாக்டரிடமும் காட்டுங்கள். பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் பசை இல்லாதது எதையாவது, அதுவும் வெள்ளை ஆறிய பிறகு.

கடல்கடந்தவன் எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் மனைவிக்கு ருக்சோலிட்டினிப் களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். 2022 ஜூலையில் இங்கே அனுமதி கிடைத்தது, இரண்டு பக்கமும் வரும் வகைக்கு, 12 வயதுக்கு மேல். முகத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. கையில் மெதுவாகத்தான் இருக்கிறது. இது எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் எளிமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும். இங்கே விளக்க யாருக்கும் நேரமில்லை.

தோல்நலம் எழுதியது:

சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் புரியும்.

உடம்பைக் காக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் நிறமிச் செல்களை எதிரி என்று தவறாக எண்ணித் தாக்குகின்றன. தாக்கும்போது காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது பட்டதும் சுற்றியுள்ள சாதாரணத் தோல் செல்கள் வேறு சில சமிக்ஞைப் பொருள்களை வெளியிட்டு இன்னும் அதிக டி செல்களை அங்கே வரவழைக்கின்றன. தீயில் எண்ணெய் ஊற்றுவது போல இந்தச் சுற்று தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். இன்டர்ஃபெரானின் செய்தி செல்லுக்குள் போகும் பாதையில் ஜாக் என்ற நொதிகள் நிற்கின்றன. நீங்கள் சொல்லும் களிம்பு அந்த நொதிகளைத் தடுக்கிறது, சுற்று அறுந்துபோகிறது. பெரிய ஆய்வுகளில் 24 வாரத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு நிறம் திரும்பியது. ஒரு வருடம் தொடர்ந்தபோது அது ஏறக்குறைய பாதிப் பேராக உயர்ந்தது. பொறுமை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தாக்குதல் ஓய்ந்த பிறகும் சில டி செல்கள் அதே இடத்துத் தோலில் நினைவோடு தங்கிவிடும். மருந்தை நிறுத்தியதும் அதே இடத்தில் வெள்ளை திரும்புவது அதனால்தான். முதல் வருடத்தில் 40 சதவீதம் வரை அப்படித் திரும்புகிறது. நிறம் வந்த பிறகும் வாரம் இரண்டு நாள் டாக்ரோலிமஸ் என்ற களிம்பைத் தடவி வருவது இதைப் பெரிதும் குறைக்கிறது. "நல்லாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தவறுகிறார்கள்.

கத்தரிப்பூ எழுதியது:

அந்த வெளிநாட்டுக் களிம்பு நமக்குக் கட்டுப்படியாகாது. இங்கே சாதாரண ஜனங்களுக்கு என்ன வழி?

தோல்நலம் எழுதியது:

வழி இருக்கிறது. சின்னத் திட்டுக்கு ஸ்டீராய்டு களிம்பு, முகத்துக்கும் கண்ணருகிலும் டாக்ரோலிமஸ். கண்ணருகில் ஸ்டீராய்டை நீண்ட நாள் தடவினால் கண் அழுத்தம், கண்புரை வரலாம், அதனால் அங்கே தவிர்ப்போம். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதற்காகத்தான். முகம் வெளுக்க என்று கடைக்காரர் தரும் பல கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும்.

பரவலாக இருந்தால் 311 நானோமீட்டர் குறுகிய அலைப்பட்டைப் புற ஊதா பி ஒளி, வாரம் இரண்டு அல்லது மூன்று முறை. அரசு மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் இந்த வசதி உண்டு. பத்துப் பதினைந்து முறை போய்விட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று நின்றுவிடுகிறார்கள். குறைந்தது 48 முறை எடுத்த பிறகுதான் பலனில்லை என்று சொல்லலாம், சிலருக்கு 72 வரை பார்ப்போம். கட்டட வேலைக்குப் போகிறவர் வாரம் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியுமா என்பது உண்மையான கேள்வி. முடியாதவர்களுக்கு வேறு திட்டம் போடுவோம், வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வேகமாகப் பரவும்போது வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை தரும் முறை உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வகுத்த முறை அது, 1993இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. ஒரு வருடமாவது அசையாமல் நின்ற திட்டுகளுக்குத் தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சையும் செய்யலாம். நோய் விழித்திருக்கும்போது செய்தால் ஒட்டிய இடத்திலும் நிறம் போகலாம், தோல் எடுத்த இடத்திலும் போகலாம்.

ஆவாரம்பூ எழுதியது:

மீன் சாப்பிட்டுப் பால் குடித்தால் வரும் என்கிறார்களே? எலுமிச்சை, புளி ஒதுக்க வேண்டுமா? இனி யாருக்கும் எண்ணெய் தடவினால் போதும் என்று சொல்ல மாட்டேன்.

தோல்நலம் எழுதியது:

மீனும் பாலும் காரணமில்லை. புளிப்பை ஒதுக்கியும் பயனில்லை. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டை, மீன், பழம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரத்தசோகையோடு கூட்டி வருகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். எல்லாம் கொடுங்கள்.

பரிசோதனை என்றால் தைராய்டுதான் முக்கியம். இரண்டும் ஒரே மாதிரி நோய் எதிர்ப்புக் கோளாறு என்பதால் சேர்ந்து வருவதுண்டு. வைகைக்கரை, உங்கள் அம்மாவுக்கும் இருப்பதால் குழந்தைக்கு டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள்.

தாமரைக்குளம் எழுதியது:

அக்காவுக்குக் காலில் இரண்டு திட்டு இருக்கிறது, வருடக்கணக்கில் மாறவே இல்லை. வரும் வரன் எல்லாம் "பிள்ளைக்கு வருமா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் வருமா டாக்டர்?

தோல்நலம் எழுதியது:

வெண்புள்ளி உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஆறு பேர் அளவில்தான். நூற்றில் தொண்ணூறு பேருக்கும் மேல் இது வருவதே இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சம்பந்தம் பேசுகிறவர்கள் இதற்கு மட்டும் எழுந்து போவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

கரிசல்மண் எழுதியது:

தாமரைக்குளம் தங்கச்சி, எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் கல்லூரி முடித்துவிட்டாள். இருவருக்கும் இல்லை. பெண் பார்க்கப் போனபோது கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அக்காவையும் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். போகிறவர்கள் போகட்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோல் பிரிவில் காட்டிவிட்டோம். இருட்டறையில் அந்த விளக்கை வைத்துப் பார்த்தார்கள். கண்ணோரமும் முழங்காலும் பளிச்சென்று தெரிந்தன. இடது கண்ணோரத்திலும் லேசாக ஒன்று இருந்தது, எங்கள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. இரண்டு பக்கமும் வரும் வகை, இப்போது நகர்கிறது என்றார்கள். கண்ணருகே டாக்ரோலிமஸ் 0.03 சதவீதம், முழங்காலுக்கு வேறு களிம்பு. தைராய்டு ரத்தம் எடுத்தார்கள், சரியாக இருக்கிறது. ஒளிச் சிகிச்சை வேண்டுமா என்று அடுத்த முறை முடிவு செய்வோம் என்றார்கள். மாமியாரையும் கூட்டிப் போனேன். தொற்றாது என்று டாக்டரே சொன்ன பிறகு வீட்டில் பேச்சு குறைந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். களிம்பு தடவினால் எரிகிறது என்று அழுகிறாள். நிறுத்தட்டுமா? வெயிலில் பள்ளிக்கு நடந்து போகலாமா?

தோல்நலம் எழுதியது:

நிறுத்த வேண்டாம். டாக்ரோலிமஸ் முதல் ஒன்றிரண்டு வாரம் எரியும், தோல் பழகியதும் குறையும். குளித்த உடனே ஈரத்தோலில் தடவாமல் நன்றாகக் காய்ந்த பிறகு தடவுங்கள். கண்ணுக்குள் போகாமல் விரல் நுனியில் மிகக் கொஞ்சமாக எடுங்கள். தோல் சிவந்து வீங்கினால் அன்றே காட்டுங்கள்.

காலை வெயிலில் நடந்து போவதில் தடையில்லை. உச்சி வெயிலில் வெள்ளைத் திட்டு சீக்கிரம் வெந்துவிடும், தொப்பி போதும். நீண்ட நேரம் மைதானத்தில் நிற்கும் நாளில் சன்ஸ்கிரீன் போடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது, படத்துக்குப் பிடிபடும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். முதலில் தெரிவது வெள்ளைக்குள் ஊசிமுனை அளவுப் பழுப்புப் புள்ளிகளாக இருக்கும், அல்லது விளிம்பிலிருந்து நிறம் உள்ளே நகரும். அதற்கு முன்பே பொடித்துளிகள் சிதறினாலோ, புதிய இடத்தில் வந்தாலோ, இமை முடி வெளுக்கத் தொடங்கினாலோ சொன்ன தேதிக்குக் காத்திருக்காமல் ஓ.பி.க்குப் போய்விடுங்கள். போகும்போது அந்தப் படங்களையும் கொண்டு போங்கள்.